பதினோரு பெட்டி பென்குயின்

கணவருக்குப் பக்கவாதம் வந்த ஐந்தாவது மாதத்தில், வீட்டின் பின்பக்கத்து நீள அறையைக் காலி செய்துவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். யாரையும் கலந்து பேசவில்லை. வாரத்தில் மூன்று நாள் வரும் பயிற்சிக்காரம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"நேர் சுவர் வேணும்மா. போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் பிடிமானக் கம்பி போட்டா, நல்லா இருக்கிற இடது கையால பிடிச்சுக்கிட்டு தானா நடந்து பழகுவார். ஹால்ல சோபாவையும் டிவியையும் சுத்திக்கிட்டே இருந்தா எப்போ தேறுறது?"

"பத்து நாள் டயம் குடுங்க. ரூம் இருக்கு" என்றாள்.

ரூம் இருந்தது. ரூமுக்குள் பதினோரு அட்டைப்பெட்டிகள் இருந்தன. ஒன்பதில் டி-சர்ட், இரண்டில் ஸ்டிக்கர். ஜன்னல் ஓரமாக ஸ்டிக்கர் வெட்டும் மிஷின். கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பேனர்.

தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார் கணவர். ஊரில் அவரைப் பென்குயின்காரர் என்றால்தான் தெரியும். எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் வாங்கும்போதே ஏற்றிக் கொடுக்கிற ஒரு சிஸ்டம் இருக்கிறதல்லவா, அதற்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அது யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம் என்பதை ஊர் முழுக்கச் சொல்லித் தீர்ப்பதைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர். அந்த சிஸ்டத்தின் அடையாளம் ஒரு குண்டுப் பென்குயின். ரிப்பேருக்கு வந்த எந்த மிஷினும் பென்குயின் ஸ்டிக்கர் இல்லாமல் திரும்பிப் போனதில்லை. சிலர் சிஸ்டத்தையும் மாற்றிக்கொண்டார்கள். பலர் ஸ்டிக்கரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டி-சர்ட் வருடத்துக்கு ஒன்று. நெஞ்சில் பென்குயின், முதுகில் வாசகம். 'உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்' என்று ஒரு வருடம். 'என்னைக் கேட்காமல் என் மிஷின் எதுவும் செய்யாது' என்று ஒரு வருடம். மகளின் பட்டமளிப்பு விழாவுக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். மூன்று பேர் நிற்கும் அந்தப் படத்தில் முதலில் கண்ணில் படுவது பென்குயின்தான். "நான் பெத்தது ஒண்ணு, நீங்க பெத்தது ஒண்ணு, ரெண்டும் படத்துல வந்திருச்சு" என்று அவள் சொன்னதும், ஒரு வாரம் பேசாமல் இருந்ததும், பழைய கதை.

பேசாமல் இருந்தது அவள்தான். அவரால் முடியாது. அவர் வாயைத் திறந்தால் குழாய் உடைந்த மாதிரி கொட்டும். அவரைப் பார்த்ததும் எதிர்ப் பக்கத்து நடைபாதைக்கு மாறிப் போகிறவர்கள் இருந்தார்கள். மாறினாலும் விடமாட்டார், அவரும் மாறுவார்.

அவளுக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைப் பிரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்த்துப் பொருத்துவது. அவர் விழுந்த அன்று காலை பதினொரு மணி இருக்கும், பாதி தேய்த்த லென்ஸ் கையில் இருந்தபோது போன் வந்தது. ரிப்பேர் கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே இருந்த கணவர், பேச்சு குழறி, அப்படியே மேஜைமேல் சாய்ந்துவிட்டார் என்றார்கள். அவள் லென்ஸைத் துடைத்து, அதற்குரிய உறையில் போட்டு, எண்ணை எழுதிவிட்டுத்தான் கிளம்பினாள். அதைப் பின்னால் பல பேர் பல விதமாகப் பேசினார்கள்.

வலது பக்கம் விழுந்திருந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கை திரும்பவில்லை. பேச்சு போய்விட்டது. "நீங்க சொல்றது அவருக்குப் புரியும். அவர் சொல்ல நினைக்கிறதும் உள்ள இருக்கும். ஆனா வார்த்தை வராது" என்றார் டாக்டர். வந்தது ஒரே ஒரு வார்த்தை. 'அதான்.' பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும் அதான். வெளியூரில் இருக்கும் மகள் போனில் ஓவென்று அழுதபோதும் அவர் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு அதான், அதான் என்றார்.

அவள் அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்ல முடியாது. பல் பிடுங்கும்போது ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது உள்ளே: இருப்பது தெரிகிறது, கடித்தால் தெரியவில்லை. காலையில் அவரைக் குளிப்பாட்டினாள், வேலைக்குப் போனாள், மதியம் ஓடிவந்து சாப்பாடு கொடுத்துவிட்டு ஓடினாள். அவருடைய கடையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள். எல்லாம் சரியாக நடந்தது.

அறையைக் காலி செய்யும் வழி தானாக வந்தது. வருடா வருடம் நடக்கும் கம்ப்யூட்டர் கண்காட்சியில் லினக்ஸ் நண்பர் குழு ஒரு ஸ்டால் போடும். அதன் செயலாளரை எல்லாரும் தாடி என்பார்கள். அவன் போன் செய்தான்.

"அக்கா, அண்ணன் பேர்லதான் ஸ்டால் பதிஞ்சிருக்கு. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல. அந்த டி-சர்ட், ஸ்டிக்கர் எல்லாம்..."

"எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றேன். மிஷினும் வரும். இனிமே அதை நீங்களே வச்சுக்கங்க."

"மிஷினுமா? அண்ணன் சரின்னாரா?"

"அவரும் வர்றார்" என்றாள். கேள்வி அதுவல்ல என்று அவளுக்குத் தெரியும்.

கணவரிடம், "ஏங்க, சனி ஞாயிறு கண்காட்சிக்குப் போறோம். வழக்கம்போல" என்று மட்டும் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. அதான், அதான் என்று இடது கையால் நாற்காலியைத் தட்டினார். எந்த டி-சர்ட் என்று அவரே கை காட்டினார். விழுந்த கையை முதலில் நுழைத்து, தலையை நுழைத்து, அப்புறம் நல்ல கையை நுழைக்க வேண்டும். அவள் அதைச் செய்யும்போது, பெட்டிகள் வேனில் ஏறுகிற சத்தம் வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.

பெரிய கூடம். ஒரு பக்கம் தானாக வீடு கூட்டும் மிஷின்காரர்கள், மறுபக்கம் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் கம்பெனி. நடுவில் இவர்களுடைய மேஜை. தாடி ஒரு நாற்காலியைப் பேனருக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டான்.

"அண்ணன் இங்க உக்காரட்டும்க்கா. பேன் காத்து வரும். முன்னாடி கூட்டம் இடிக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் துடைக்கத் துண்டு வைத்திருக்கும் ஆளை முன்னால் உட்கார வைத்தால் ஜனம் ஒதுங்கிப் போகும் என்று கணக்குப் போட்டிருந்தான். அவளுக்கும் அது புரிந்தது. கோபம் வர வேண்டிய இடம்; வரவில்லை. நாற்காலியைத் தூக்கி மேஜைக்கு முன்னால் போட்டு, அவரை உட்கார வைத்து, மடியில் ஒரு கத்தை ஸ்டிக்கரை வைத்தாள். அவர் இடது கையால் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் நீட்ட ஆரம்பித்தார்.

அரை மணி கழித்து அவன் சாப்பாட்டுச் சீட்டு வாங்கப் போனபோது, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்த ஒரு அம்மா நின்றாள். ஸ்டிக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்னங்க, பொம்மைக் கம்பெனியா?"

அவர், "அதான்" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்த்தாள், அப்புறம் இவளைப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. இவள் வாயைத் திறந்தாள்.

"நீங்க ஒரு வீடு வாங்குறீங்க. வித்தவர் சாவியைக் குடுக்கிறார். போய்ப் பாத்தா ஒரு ரூம் பூட்டிக் கிடக்கு. இது என்னய்யான்னு கேட்டா, அது உங்களுக்கு வேண்டாம், அதை நாங்க பாத்துக்குவோம்ங்கிறார். சரின்னு விட்டா, நீங்க அசந்த நேரம் அவரே உள்ள வந்து சோபாவை இடம் மாத்தி வச்சிட்டுப் போறார். கேட்டா, அப்டேட்டுங்கிறார். சும்மா விடுவீங்களா?"

டீச்சர் சிரித்துவிட்டாள். சொன்னவளுக்குத் திக்கென்றது. இது அவருடைய பேச்சு. சொல்லுக்குச் சொல், 'அப்டேட்' என்பதற்கு முன்னால் விடும் சின்ன இடைவெளி உட்பட அவருடையது. பதினெட்டு வருடமாகச் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் சொன்னது, அவள் கேட்க விரும்பாமலே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.

"அப்புறம்?" என்றாள் டீச்சர்.

அப்புறம் வரவில்லை. அந்த இடத்தில் குக்கர் சத்தம் போட்டிருக்கும், அல்லது குழாயைத் திறந்திருப்பாள். அவள் திணறி நின்றபோது கணவர் இடது கையைத் தூக்கினார். காற்றில் ஒரு சாவியைத் திருகினார். ஒரு கதவைத் தள்ளித் திறந்தார். இன்னொரு கதவு. இன்னொன்று. பிறகு கையை விரித்து டீச்சர் பக்கம் நீட்டினார்.

"ஆங்" என்றாள் அவள். "இதுல பூட்டின ரூமே கிடையாது. எல்லாச் சாவியும் உங்க கையில. உங்களைக் கேக்காம உங்க மிஷின் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. நகர்த்தக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

"அதான்!" என்றார் அவர். ஐந்து மாதத்தில் முதல் முறையாக அந்த வார்த்தை பொருந்தி விழுந்தது.

தாடி திரும்பி வந்தபோது எட்டு பேர் நின்றிருந்தார்கள். அவன் கையில் சீட்டோடு வாயைப் பிளந்து நின்றான். அன்று முழுக்க அவள் அதையே சொன்னாள், மறுநாளும் சொன்னாள். மொத்தம் ஒரு நாற்பது தடவை இருக்கும். அவர் சாவி திருகினார், கதவு திறந்தார். மூன்றாவது தடவைக்கு மேல் சோபாவையும் நகர்த்திக் காட்ட ஆரம்பித்தார். சிரித்தவர்கள் டி-சர்ட் கேட்டார்கள். அவள் அளவு மட்டும் கேட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, சும்மாவேவா குடுக்கிறீங்க?" என்றான் தாடி.

"தீரணும், தம்பி."

ஒரு வாலிபால் குழு வந்து பதினாலு டி-சர்ட் வாங்கிப் போனது. அவர்களுக்கு வேண்டியது ஒரே நிறம், பென்குயினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கூடம் பெருக்கும் பெண்கள் ஆளுக்கு இரண்டு கேட்டார்கள். பழைய வாடிக்கையாளர் ஒரு பேக்கரிக்காரர், விஷயம் தெரியாமல் வந்து, நாற்காலி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தன் அடுப்பு பழுதான கதை, தம்பியோடு சண்டை போட்ட கதை எல்லாவற்றையும் சொன்னார். கணவர் சரியான இடங்களில் அதான், அதான் என்றார். எழுந்தபோது பேக்கரிக்காரர் அவளிடம், "அண்ணன் ரொம்ப மாறிட்டார். முன்னெல்லாம் நம்மைப் பேசவே விடமாட்டார்" என்று நெகிழ்ந்து சொல்லிவிட்டுப் போனார். இதை வேறொரு காலத்தில் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்க வேண்டிய இடம் என்று குறித்துக்கொண்டாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு டி-சர்ட் தீர்ந்தது. யாருக்கும் பொருந்தாத மிகப் பெரிய அளவில் ஆறு மிஞ்சியது. தாடியும் இன்னொருவனும் ஸ்டிக்கர் மிஷினை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, வாசலில் நின்ற அவனுடைய காருக்குக் கொண்டுபோனார்கள். அப்போதுதான் கணவர் திரும்பிப் பார்த்தார்.

மிஷின் போவதைப் பார்த்தார். மடக்கி அடுக்கிய அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார். பதினோரு பெட்டி. அவளைப் பார்த்தார்.

"அதான்?"

அது கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது.

"ரூம் வேணும்ங்க. கம்பி போடணும். நீங்க நடக்க வேண்டாமா?"

அவர் மேஜையைப் பிடித்து எழுந்தார். "அதான். அதான். அதான்!" கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து ஸ்டாலில் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். உள்ளே இருக்கிற அத்தனை வார்த்தையும் ஒரே ஓட்டை வழியாக வெளியே வரப் பார்த்து, அந்த ஒன்றாகவே வந்தது. அவள் தோளைத் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டார். பிறகு உட்கார்ந்தார். மடியில் மிச்சமிருந்த ஸ்டிக்கர்கள் தரையில் விழுந்து கிடந்தன. அதற்கப்புறம் அவர் யாருக்கும் எதுவும் நீட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேனின் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் அவருக்கு வேண்டியதை எல்லாம் செய்தாள். நல்லதற்குத்தானே செய்தோம் என்று நினைத்தாள். அந்த நினைப்பும் ஊசி போட்டு மரத்த இடத்தில்தான் பட்டது.

திங்கட்கிழமை கண்ணாடிக் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். கூட மகன். மகனே எல்லாம் பேசினான். "அப்பாவுக்கு இந்தப் பிரேம் போதும். கறுப்பே குடுங்க. அவர் எங்க வெளிய போறார்?" பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அளவெடுக்க வந்திருந்த அவள், தொழில் பழக்கத்தில், பிரேம் தட்டை அவர் முன்னால் நகர்த்தி, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். ஆறு வயதுக் குழந்தை வந்தாலும் அவள் கேட்கிற கேள்வி அது. அது ஏறி உட்காரப் போவது அவர் மூக்கில், பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிடுவார். பெரியவர் கொஞ்சம் யோசித்து, ஒரு சிவப்புப் பிரேமைத் தொட்டார். மகன், "அப்பா!" என்றான்.

அவள் கையில் இருந்த அளவுகோல் நின்றுவிட்டது. உங்களைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது என்று நாற்பது தடவை சொல்லியிருக்கிறாள், கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே.

"சிவப்பே போடுறேன்" என்று எழுதிக்கொண்டாள்.

மதியம் வீட்டுக்குப் போனவள் சாப்பாட்டுத் தட்டை எடுக்கவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களைக் கேக்காம பண்ணிட்டேன். கேட்டிருக்கணும். நீங்க பேச மாட்டீங்கன்னு கேக்கவே விட்டுட்டேன்."

அவர் சுவரைப் பார்த்தார்.

"மிஷினைத் திரும்ப வாங்கிட்டு வரவா? தாடி குடுத்துருவான். ஆமான்னா தலையை ஆட்டுங்க."

வெகு நேரம் கழித்து, இல்லை என்று ஆட்டினார்.

"டி-சர்ட் மறுபடி அடிக்கணுமா?"

இல்லை.

"என் மேல கோபமா?"

ஆமாம் என்று உடனே ஆட்டினார்.

"ரொம்பவா?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சம் அகட்டிக் காட்டினார். யோசித்தார். முழுக் கையையும் பக்கவாட்டில் நீட்டினார்.

"சரி. இருக்கட்டும். இருக்க வேண்டியதுதான்" என்றாள். பிறகு எழுந்து தட்டில் சாப்பாட்டைப் போட்டாள். அன்று அவள் கடைக்குத் திரும்பப் பத்து நிமிடம் தாமதம்.

வியாழக்கிழமை காலை கம்பிக்காரர் வந்தார். காலி அறையில் பெட்டிகள் இருந்த இடம் மட்டும் தரை வெளுப்பாக இருந்தது. பயிற்சிக்காரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை அவர் பார்த்தார்.

"ரெண்டரை அடி உயரம்னு போட்டிருக்கு. ஓட்டை போட்டுறலாமாம்மா?"

"அவரைக் கேளுங்க."

கம்பிக்காரர் கணவரைப் பார்த்தார், தயங்கினார். "அவருக்குப் பேச்சு...?"

"காது கேக்கும். கேளுங்க."

கம்பிக்காரர் கம்பியைச் சுவரில் வைத்துப் பிடித்து, "இந்த உயரம் போதுமாண்ணே?" என்றார். கணவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்து, இடது கையை வைத்துப் பார்த்து, ஒரு விரற்கடை கீழே காட்டினார். கம்பிக்காரர் பென்சிலால் கோடு போட்டார். அந்தச் சுவர் முழுக்க, எதிர்ச் சுவர் முழுக்க, அறை வாசல் வரை.

வாசலோடு நிற்கவில்லை கணவர். "அதான்" என்றார். கதவைத் தாண்டி ஹால் பக்கம் கை காட்டினார். அவள் அவரை ஹாலுக்குக் கூட்டிவந்தாள். ஹால் சுவரில் கையை வைத்து, காலை இழுத்து இழுத்து, டிவி மேஜையைத் தாண்டி, செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி, தெருக்கதவு வரைக்கும் அதே உயரத்தில் விரலால் தேய்த்துக்கொண்டே போனார். தெருக்கதவின் நிலையில் இரண்டு தடவை தட்டினார். நெற்றியில் வியர்த்திருந்தது.

"அவ்வளவு தூரமா?" என்றார் கம்பிக்காரர். "டிவி மேஜையை எடுக்கணுமே. கம்பியும் பத்தாது. சீட்டுல அப்படி எழுதலையேம்மா."

"மேஜையை நான் எடுத்துர்றேன். கம்பி வாங்கிட்டு வாங்க."

"ஹால் பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி ஆயிரும்மா."

"ஆகட்டும்" என்றாள். டிவியின் ஒயரைப் பிடுங்கினாள். மேஜையை நகர்த்தும்போது கணவர் ஒரு கையால் மறு முனையைத் தள்ளினார். அது உதவியை விட உபத்திரவமாகத்தான் இருந்தது, ஆனால் அவள் சொல்லவில்லை. மேஜை இருந்த இடத்தில் வருடக்கணக்கான தூசி, ஒரு பேனா மூடி, மகளுடைய பழைய ஹேர்பின்.

டிரில் சத்தம் தொடங்கியது. கணவர் தெருக்கதவருகே ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு ஓட்டைக்கும் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் பல நாளுக்குப் பிறகு பசித்தது. நின்றபடியே நேற்றைய ரொட்டியை இரண்டு துண்டு தின்றாள், மூன்றாவதையும் எடுத்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்து, சுவரிலிருந்து கொட்டிய சிமெண்டுத் தூளைக் கூட்ட ஆரம்பித்தாள்.